லாயிட் தாண்டிப் போன அத்தியாயம்

திருச்சி
9 ஜூன் 2024

அன்புள்ள தாஸ் மாமாவுக்கு, மித்ரா எழுதுவது. உங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? கிஷோரும் அவன் மனைவி ஜெயலட்சுமியும், பேரனும் சுகம்தானே? கல்லூரி திறந்து, வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். வெயிலைத் தவிர வேறு குறை இல்லை.

போனில் உங்களுக்கு இரைச்சல் மட்டும்தான் கேட்கிறது, பக்கத்தில் உட்கார்ந்து பேசினால்தான் புரிகிறது என்று கிஷோர் சொன்னான். அதனால்தான் கடிதம்.

இத்துடன் என் நாவலை அனுப்புகிறேன். பெயர் 'ஏழாம் லைன்', நாம் இருந்த சுரங்கக் குடியிருப்பு வரிசையின் பெயரேதான். கோமளா என்ற பெண் கோலார் தங்க வயலில், நம் சாம்பியன் ரீஃபில் பிறந்து வளர்ந்து, பெங்களூர்க் கல்லூரிக்கு ரயில் ஏறுகிற வரைக்கும் கதை. கோமளா யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாணிக்கம் என்று ஒரு தாய்மாமனும் வருகிறார். அவர் யார் என்பதையும்தான்.

அம்மாவுக்கு முதல் பிரதியே அனுப்பினேன் மாமா. அன்றிலிருந்து என் போனை எடுப்பதில்லை. பக்கத்து வீட்டு எண்ணுக்கு அடித்தால், "குளிக்கிறேன்னு சொல்லு" என்று அம்மா சொல்வது எனக்கே கேட்கிறது. ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்?

நவம்பரில் உங்கள் பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு தமிழ் மன்றத்தில் புத்தகத்துக்குக் கூட்டம் வைக்கிறார்கள். அம்மா அங்கே வந்து உட்கார வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை. நீங்கள் சொன்னால் கேட்பார்கள். மேடையில் நான் ஒரு காட்சியை வாசிக்க வேண்டுமாம். யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டு, உங்களுக்குப் பிடித்த காட்சி எது என்று எழுதுங்கள்.

உங்கள் மருமகள்
மித்ரா

•

ஜீவனஹள்ளி
7 ஜூலை 2024

அன்பு மருமகள் மித்ராவுக்கு, தாஸ் மாமா சொல்லச் சொல்ல மேல்வீட்டு லாயிட் எழுதுவது. கால் வலி இருக்கிறது. அது இருந்துகொண்டுதான் இருக்கும். மற்றபடி மூன்று வேளையும் சாப்பாடு இறங்குகிறது.

புத்தகம் வந்தது. இந்த வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், வாசிக்கத்தான் ஆள் இல்லை. கிஷோர் படித்தது கன்னடம். பேரன் படிப்பது இங்கிலீஷ். நல்லவேளை, லாயிட் விவேக் நகர்க்காரர். குழந்தை ஏசு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசையில் வாசகம் வாசிப்பவர். கண்ணாடிக் கடை வேலை முடிந்து சாயங்காலம் வந்தால் ஒரு டீயைக் குடித்துவிட்டு வாசிக்கிறார். எதை வாசித்தாலும் கோயில் ராகம்தான் வருகிறது. குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தால் அடித்துக்கொள்கிற இடத்தைக்கூட அப்படித்தான் வாசித்தார். எனக்கு எழுந்து நிற்க வேண்டும்போல இருந்தது.

சுரங்கக் கழிவு கொட்டின சைனைடு மேட்டில் பிள்ளைகள் தகரத்தில் உட்கார்ந்து சறுக்குகிற காட்சியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னேன். கீழே வந்து சேர்ந்ததும் கோமளா திரும்பிப் பார்க்கிறாள். மேலே நிற்கிற தோழிகள் வெள்ளை வானத்தில் எறும்புபோலத் தெரிகிறார்கள் என்று எழுதியிருக்கிறாயே, நானும் அங்கே சறுக்கினவன்தான். ஆனால் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தக் கண் எனக்கு இல்லாமல் போயிற்று.

இன்னொன்று, கல்லூரிக்குப் போகிற முதல் நாள், மாரிக்குப்பம் ரயிலில் சீட்டாடுகிறவர்கள் அவளுக்காகத் துண்டு போட்டு இடம் பிடிப்பது. "படிக்கிற பொண்ணுடா, ஜன்னல் பக்கம் வுடு" என்று ஒருத்தன் சொல்கிறான் பார். அவன் பெயரைக்கூட நீ போடவில்லை. ஆனாலும் அவன் பேசின பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

ஒரு சந்தேகம். பதினோராவது அத்தியாயத்தில் பாவாடை சட்டையோடு குழாயடியில் நிற்கிற கோமளா, அடுத்ததிலேயே தாவணியில் வருகிறாள். நடுவில் எங்கே வளர்ந்தாள்? அப்புறம் மாணிக்கத்தைப் பார்க்கிறவன் எல்லாம், "இன்னா மாணிக்கம், கல்லு கனமா?" என்று சிரிக்கிறான். என்ன கல்? லாயிட்டைக் கேட்டால் பிரிண்டிங் மிஸ்டேக் என்கிறார்.

உன் அம்மாவுக்கு எழுதுகிறேன். கவலைப்படாதே.

தாஸ் மாமா

•

ஜீவனஹள்ளி
8 ஜூலை 2024

சின்னத்தாய் அக்காவுக்குத் தம்பி தாஸ் சொல்லி அனுப்புவது. சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா? போடுகிறேன் என்று எழுதுவாய், எனக்குத் தெரியும்.

நம் மித்ரா புத்தகம் எழுதியிருக்கிறாள். கடைசி வரைக்கும் கேட்டாகிவிட்டது. நம் லைன், நம் சுரங்கச் சங்கு, நம் ஜனங்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். நீ ஏன் பெண்ணோடு பேசாமல் இருக்கிறாய்? நவம்பரில் கூட்டத்துக்கு அவள் உன்னைக் கூப்பிடுகிறாள். காலை ரயிலைப் பிடித்து வா. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் கிஷோரை நிற்கச் சொல்கிறேன்.

தம்பி தாஸ்

•

சாம்பியன் ரீஃப்
11 ஆகஸ்ட் 2024

தம்பி தாசுவுக்கு அக்கா ஆசி. மாத்திரை போடுகிறேன்.

உன் கடுதாசி வந்து ஒரு மாசம் ஆகிறது. கோபம் தணியட்டும் என்று இருந்தேன். தணியவில்லை. எழுதுகிறேன்.

நான் அந்தப் புத்தகத்தைத் தொடவே இல்லை. எனக்கு எதற்கு? ஆனால் அறுபதாம் பக்கத்தில் என் கல்யாணச் சேலை நீலம் என்று போட்டிருக்கிறாள். அது மாம்பழக் கலர். எண்பத்திரண்டாம் பக்கத்தில் நான் குழாயடியில் சண்டை போட்டேனாம். சண்டை போட்டவள் எதிர்வீட்டுக்காரி. நான் விலக்கப் போனவள். நூற்றுப் பதினான்கில் என் மீன் குழம்பில் உப்பு அதிகம் என்று எழுதியிருக்கிறாள். அவளும் சேர்ந்துதானே தின்றாள்?

அதெல்லாம் போகட்டும். பன்னிரண்டாவது அத்தியாயத்தில் உன் மானத்தை ஊர் முழுக்க ஏலம் போட்டிருக்கிறாள். என் தம்பியை. அதைக் கேட்டபிறகுமா நல்ல புத்தகம் என்கிறாய்? நான் வரமாட்டேன்.

அக்கா

•

ஜீவனஹள்ளி
18 ஆகஸ்ட் 2024

அன்பு மருமகளுக்கு மாமாவின் ஆசி. உடம்பு சுகம். வயிறுதான் சிரித்துச் சிரித்து வலிக்கிறது.

உன் அம்மாவின் கடிதத்தை வாசித்துக்கொண்டு வந்த லாயிட், பன்னிரண்டாவது அத்தியாயம் என்ற இடத்தில் சட்டென்று நிறுத்திவிட்டார். கோயில் ராகமும் நின்றது.

"இன்னா லாயிட், அப்படி ஒரு அத்தியாயத்த நான் கேக்கலையே?"

"அது... பெரியவரே, பொம்பளப் பசங்க சமாச்சாரம். வயசுக்கு வர்ற விஷயம். ஜெயலட்சுமி அக்கா வேற பக்கத்துல சப்பாத்தி தேய்ச்சிக்கினு இருந்தாங்க. எனக்குக் கூச்சமா பூட்ச்சி. அதான் தாண்டிட்டேன்."

உள்ளேயிருந்து ஜெயலட்சுமி, "நான் அதுக்கெல்லாம் வெக்கப்பட மாட்டேன், வாசிங்க சார்" என்றாள். அப்புறம்தான் வாசித்தார். இரண்டு காதும் சிவந்துபோய் வாசித்தார்.

(நான் பெண் பிள்ளை இல்லாதவன். மன்னிக்கவும். – லாயிட்)

மித்ரா, உன் சடங்கை நீ எழுதியிருப்பதை என் கண்முன்னாலே பார்த்தேன். சுரங்கத்தில் வேலை நிறுத்தம், சம்பளம் வராத மாசம். வரிசைத் தட்டுகளைப் பூப்போட்ட துணியால் மூடித் தலையில் வைத்துப் பெண்கள் நடக்கிறார்கள். முன்னால் பேண்டு. தாய்மாமன் மாணிக்கம் புதுச் சட்டையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருகிறான். லைன் முழுக்க வாசலில் நின்று தட்டை எண்ணுகிறது. இருபத்தொன்று! அப்போது கடைசியில் வருகிற பெண்ணுக்குக் கால் தடுக்குகிறது. தட்டு கவிழ்கிறது. உள்ளே இருந்து பழமும் இல்லை, புடவையும் இல்லை. வெள்ளை வெள்ளையாகக் கல் உருண்டு ஓடுகிறது. பேண்டுக்காரன் வாசிப்பதை நிறுத்துகிறான். கம்பெனி வாட்ச்மேன் ஓடி வந்து ஒரு கல்லைப் புரட்டிப் பார்க்கிறான், சுரங்கத்திலிருந்து திருடினதோ என்று. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக்காரி வாயில் கையை வைத்துக்கொண்டு சொல்கிறாள்: "அடியே, மாமன் தங்கத்த உருக்கக்கூட டைம் இல்லாம அப்படியே அள்ளிக்கினு வந்துட்டான்டி!"

லைனே சிரித்தது. நானும் இங்கே சிரித்தேன். ஜெயலட்சுமி மாவுக் கையோடு வந்து நின்று சிரித்தாள். எனக்குப் பிடித்த காட்சி இதுதான். மேடையில் இதை வாசி. எனக்கு ஒரு மானமும் போகவில்லை. லைன் பார்த்ததெல்லாம் நீ எழுதினபடியேதான்.

தாஸ் மாமா

•

திருச்சி
6 செப்டம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். லாயிட் அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த அத்தியாயத்தை வாசிக்க எனக்கே கூச்சம்தான்.

போன கடிதத்தில் இதைச் சொல்லாமல் விட்டேன். நீங்கள் வருத்தப்படுவீர்களோ என்ற பயம். உங்களைக் கேலி செய்ய அதை எழுதவில்லை மாமா. அன்றைக்குக் கல் உருண்ட நிமிஷத்திலிருந்து அம்மா தலையைக் குனிந்தவர்கள்தான். ஆரத்தி எடுக்கிற வரைக்கும் நிமிரவே இல்லை. மணையில் உட்கார்ந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பெரியவளானது அம்மாவுக்கு அவமானமாகிவிட்டது என்றுதான் பதிமூன்று வயதில் நினைத்தேன். இப்போது ஐம்பது தாண்டியும் சேலை கட்டும்போது சில நாள் அந்தக் குனிந்த தலை ஞாபகம் வரும். அதை இறக்கி வைக்கத்தான் எழுதினேன். இறக்கி வைத்ததில் அம்மாவையே இழந்துவிட்டேன்போல் இருக்கிறது.

அம்மாவுக்கு வேண்டாம் என்றால் அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன். கூட்டத்தில் ரயில் காட்சியை வாசிக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கட்டுமா? கல் வைக்கிற யோசனை உங்களுக்கு எப்படி வந்தது? நீங்கள் அப்படி ஜம்பம் காட்டுகிற ஆள் இல்லையே.

மித்ரா

•

ஜீவனஹள்ளி
15 செப்டம்பர் 2024

அக்காவுக்குத் தம்பி தாஸ். இங்கே மழை பிடித்துக்கொண்டது. உன் வீட்டுக் கூரை ஒழுகுகிறதா? ஆள் வைத்துப் பார்.

நீ சொன்ன அத்தியாயத்தைக் கேட்டேன். என் மானம் பத்திரமாக இருக்கிறது. அதை நினைத்து நீ பெண்ணிடம் பேசாமல் இருக்க வேண்டாம்.

ஆனால் கேள். அன்றைக்கு நீ தலையைக் குனிந்துகொண்டது தன்னால்தான் என்று அவள் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடிதத்தில் எழுதியிருக்கிறாள். லாயிட்டை அந்த இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னேன்.

கல் யோசனை எப்படி வந்தது என்று என்னைக் கேட்கிறாள். நான் என்ன சொல்ல? பேனா லாயிட் கையில் இருக்கிறது. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததை அந்தப் பேனாவில் எழுத முடியாது. நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை, இன்றைக்கும் திறக்கமாட்டேன். சொல்வதும் சொல்லாமல் விடுவதும் உன் இஷ்டம்.

(எனக்கு எதுவும் தெரியாது அம்மா. நான் கேட்கவும் இல்லை. – லாயிட்)

நவம்பர் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. காலை ரயில்.

தம்பி தாஸ்

•

ஜீவனஹள்ளி
27 அக்டோபர் 2024

அன்பு மருமகளுக்கு மாமா. உன் அம்மாவிடமிருந்து பதில் இல்லை. தபால்காரரைத் தெருமுனையிலேயே நிறுத்திக் கேட்கிறேன். இப்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே "இல்லா தாத்தா" என்று கை விரிக்கிறார்.

எனக்குச் சிக்குன்குனியா வந்துவிட்டது. பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் படி இறங்க முடியவில்லை. கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. லாயிட்டை அனுப்புகிறேன். அவர் இருமினால் கோயிலில் இருமுவதுபோலவே இருமுவார், அடையாளம் தெரிந்துகொள்.

நீ கேட்டதற்கு நான் பதில் எழுதவில்லை என்று நினைத்திருப்பாய். எழுதப்போவதும் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. ஒன்று சொல்கிறேன், ரயில் காட்சி வேண்டாம். பன்னிரண்டையே வாசி. அந்த அத்தியாயத்தைக் கிழிக்க நினைக்காதே. உன் அம்மா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, அதைச் சத்தமாக வாசி.

தாஸ் மாமா

•

பெங்களூர்
18 நவம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு, காய்ச்சல் விட்டதா? நேற்று ராத்திரியே வந்து சொல்லியிருப்பேன். ஆனால் என்னை விடவில்லை. யார் விடவில்லை என்று கேளுங்கள்.

கூட்டம் ஆரம்பிக்கிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அம்மா வரவில்லை. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். கடைசியில் அதை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். அப்புறம் மேடை ஏறிப் பன்னிரண்டைப் பிரித்தேன். நீங்கள் சொன்னபடி சத்தமாகத்தான் வாசித்தேன். தட்டு கவிழ்ந்தது. எதிர்வீட்டுக்காரி பேசினாள். சபை சிரித்தது. "மாணிக்கம் மாமா எல்லோரையும் ஏமாற்றிவிட்டதாகக் கோமளா நினைத்தாள்" என்ற வரிக்கு வந்தேன்.

பின்னால் கதவோரத்திலிருந்து ஒரு குரல்.

"நிறுத்துடி!"

நிமிர்ந்தேன். அம்மா. மாம்பழக் கலர்ச் சேலை, கையில் மஞ்சள் பை. எப்போது வந்தார்கள் என்றே தெரியவில்லை. லாயிட் அண்ணன் பக்கத்தில் கைத்தடி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"யாருடி ஏமாத்துனா? என் தம்பியா? அவன் ஒம்போது தட்டு போதும்க்கா, இருக்கறத கொணாரேன்னுதான் சொன்னான். எங்க வீட்டுக்காரரு தங்கச்சி மகளுக்கு நான் இருபத்தோரு தட்டு தூக்கிக்கினு போனவ. எனக்கு ஒம்போது வந்தா லைனே என்னா பேசும்? கல்ல வெய்டான்னு ஆளனுப்புனவ நான். மேட்டாண்ட போய்ப் பொறுக்குனதும் நானே. வெள்ளையா, ஒரே சைசா பாத்துப் பாத்துப் பொறுக்குனேன். அவன் வாயே தொறக்கல. முப்பத்தெட்டு வருசமா அவன் பேரு கல்லு மாமன். நீ அத புக்குல வேற போட்டுட்ட!"

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை மாமா. மைக்கிலேயே கேட்டுவிட்டேன்.

"அப்போ ஏம்மா தலைய குனிஞ்சுக்கினே இருந்த?"

"பயத்துலதான்டி மொதல்ல! எல்லார் முன்னாடியும் அவன் என்னைக் காட்டிக் குடுத்துடுவானோன்னு. அப்புறம் அந்த எதிர்வூட்டுக்காரி ஒண்ணு சொன்னாளே, அதுக்கு அப்புறம் சிரிப்பு. பொண்ணு சடங்குல பெத்தவ பல்ல காட்டிக்கினு நின்னா நல்லாவா இருக்கும்? முந்தானைய வாயில வெச்சிக்கினு குனிஞ்சிக்கினேன். நீ இன்னாடான்னா... உன்னால எனக்கு அவமானமா? பைத்தியக்காரி!"

சபை கைதட்டியது. நான் மேடையை விட்டு இறங்கிப் பின்னால் ஓடினேன். அம்மா என்னைக் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. என் தலைமுடியைப் பார்த்து, "எண்ணெ வெக்கிறதில்லையா?" என்றார்கள். லாயிட் அண்ணன் திரும்பிக்கொண்டு கோயில் இருமல் இருமினார்.

ராத்திரி விருந்தினர் அறையில் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, பக்கம் பக்கமாகத் தப்பு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால்தான் வர முடியவில்லை. இன்று என்னோடு திருச்சி வருகிறார்கள். "பொங்கல் வரைக்கும், அதுக்கு மேல ஒரு நாள் கெடையாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வாய் எவ்வளவு பெரியது மாமா. இத்தனை வருஷம் இதை அதற்குள் வைத்திருந்தீர்களே.

மித்ரா

•

திருச்சி
2 பிப்ரவரி 2025

தம்பி தாசுவுக்கு அக்கா ஆசி. மாத்திரை போடுகிறேன், இங்கே எண்ணி வைத்துக் கொடுக்கிறாள். உனக்கு மூட்டு வீக்கம் வற்றிவிட்டதா? கோட்டுப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்.

பொங்கல் முடிந்ததும் வருவேன் என்றாயே, காணோமே என்று கேட்டு எழுதியிருக்கிறாய். கிளம்பத்தான் இருந்தேன். ஆனால் இவள் இன்னொரு புத்தகம் ஆரம்பித்திருக்கிறாள். கோமளாவின் அம்மாவைப் பற்றியாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள், எங்கே சிரித்தாள், யாரோடு சண்டை போட்டாள் என்று தினம் காலையில் காபியை வைத்துக்கொண்டு கேட்கிறாள். நான் சொல்கிறேன். பாதி பொய்தான் சொல்கிறேன், ஆனால் நல்ல பொய். அவள் கண்டுபிடித்துவிடுகிறாள். அப்போது இரண்டு பேரும் கத்துகிறோம். மதியம் அவள் சமையல். உப்பே போடுவதில்லை. நானும் எழுதி வைக்கிறேன்.

இந்தத் தடவை உன்னை நல்லவனாகப் போடச் சொல்லியிருக்கிறேன். ரொம்ப நல்லவனாகப் போட்டால் ஜனங்கள் நம்பமாட்டார்கள் என்கிறாள். லாயிட்டிடம் சொல்லிவை, இதில் ஒரு அத்தியாயத்தைக்கூடத் தாண்டக் கூடாது.

ஊருக்கு எப்போது என்று கேட்டால், "இந்த அத்தியாயம் முடியட்டும்மா" என்கிறாள். போன மாசமும் இதையேதான் சொன்னாள். எனக்கும் ஒன்றும் அவசரம் இல்லை.

அக்கா
சின்னத்தாய்